கடைசித் துண்டு வயல்

வட்டக்கச்சி
18.2.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் இவரும் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் சளி விட்டுதா? பதுளைக் குளிரில் தலைக்கு ஒன்றும் கட்டாமல் திரிவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி வருவது உங்கள் மச்சான் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. குசினி வாசலில் நின்று சொல்கிறார். வாயைவிடக் கைதான் கூடப் பேசுகிறது.

"மச்சான், இந்த முறை கமவிதானைத் தெரிவிலை என்னைத் தோற்கடிச்சுப் போட்டாங்கள். அஞ்சு வருஷம் குளத்துத் தண்ணியைத் திறந்து பூட்டி, வயல் வயலாய்ப் பங்கிட்டவன் நான். இப்ப முள்ளியவளையிலையிருந்து வந்த ஏரம்புவைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறாங்கள். வெளியாள். எழுத்து வாசிப்பும் மட்டு. தெரிவைத் தள்ளச் சொல்லிக் கந்தோர்த் துரைக்கு இங்கிலிசிலை ஒரு பெட்டிசம் எழுதி அனுப்புங்கோ. உறைப்பாய் எழுதுங்கோ."

அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். இனி நான் எழுதுவது.

அண்ணா, தெரிவில் களவு ஒன்றும் நடக்கவில்லை. கை உயர்த்தினார்கள், ஏரம்புவுக்குக் கூடக் கை உயர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களே பாதிப்பேர் அந்தப் பக்கம். அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் இந்தக் காணிக்கு வந்து எட்டு வருஷம். ஏரம்பு பிறந்ததே இந்த வன்னிக் காட்டுக்குள். யார் வெளியாள் என்று இவரைக் கேட்கலாம். கேட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்தும் பயனில்லை.

இப்போது காணியை விட்டுக் கரவெட்டிக்கே திரும்புவோம் என்கிறார். இது பெர்மிட் காணி. விதைக்காமல் விட்டுப் போனால் கந்தோர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். கரவெட்டியில் எங்களுக்கு மிச்சம் இருப்பது இவருடைய தமையன் வீட்டு விறாந்தையில் பாய் விரிக்கிற இடம். நான் இங்கே வைத்த மாமரங்கள் இந்த வருஷம்தான் பூத்திருக்கின்றன. நான் போகமாட்டேன், ஆனால் அவர் போனால் நான் எப்படி இருப்பது? ஆனபடியால் பெட்டிசத்துக்கு அவசரப்படாதேயுங்கள்.

உங்கள் கல்லூரியின் அதிபர் கதிரை எப்போது உங்களுக்கு வருகிறது? பழையவர் தையில் இளைப்பாறுவார், அடுத்தது நான்தான் என்று எழுதியிருந்தீர்கள். மாசியும் பாதி போய்விட்டது.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
இராசமலர்


துணை அதிபர் விடுதி
பதுளை
7.3.1962

அன்புத் தங்கைக்கு,

சளி விட்டது, இருமல் வந்தது. ஒன்று போக ஒன்று வருவது இந்த ஊர் வழக்கம். நீங்கள் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி.

பெட்டிசம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்று காலை வகுப்பில் வாட்டர்லூப் போர் படிப்பித்தேன், அது மனதில் நின்றது. மச்சானுக்கு இதை வாசித்துக் காட்டு.

நெப்போலியனை அந்தப் போரில் முறியடித்த ஆங்கிலேயத் தளபதி வெல்லிங்டன் பிரபு. இரண்டு தேசத்துக்கும் நெடுங்காலப் பகை. அப்படியிருந்தும் வெல்லிங்டன் சொன்னார், நெப்போலியன் ஒருவன் களத்தில் வந்து நின்றாலே அது நாற்பதாயிரம் வீரர் வந்ததற்குச் சமம் என்று. இந்தக் காலத்தில் மிகப் பெரிய தளபதி யார் என்று கேட்டபோதும் அவன் பெயரையே சொன்னாராம். தன் நாட்டான் எவனையும் சொல்லவில்லை, தன்னையும் சொல்லவில்லை. படை நடத்துவது எவ்வளவு கடினம் என்று நடத்திப் பார்த்தவனுக்குத்தானே தெரியும்? தண்ணீர் பங்கிடுவதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஏரம்பு என்ன செய்கிறார் என்று ஒரு போகம் பொறுத்துப் பார்க்கச் சொல். பெட்டிசம் எங்கேயும் ஓடிவிடாது.

அதிபர் விஷயமாக எழுத ஒன்றுமில்லை. கல்லூரியில் வேலை அதிகம்.

அன்புடன் அண்ணன்,
கதிர்காமநாதன்


வட்டக்கச்சி
21.3.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இருமலுக்குத் தூதுவளை அவித்துக் குடியுங்கள். அங்கே தூதுவளை கிடைக்காது என்று எழுதவேண்டாம், தேடினால் கிடைக்கும்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இவர் வெற்றிலை போடுவதைக்கூட மறந்து கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "உந்த வெல்லிங்டன் வெண்டவர் எல்லோ? வெண்டவருக்குப் புகழுறதிலை என்ன நட்டம்? தோத்தவன் வெண்டவனைப் புகழ்ந்த கதை ஒண்டு இருந்தா எழுதச் சொல்லு. அதைக் கேட்டுப் பாப்பம்."

இதற்குப் பதிலை உங்களிடமே விடுகிறேன். நீங்கள் படித்தவர், உங்களுக்கு வரும்.

இனி இங்கே நடந்தது. குளத்தில் தண்ணீர் பாதிக்கும் குறைவு. அப்படியான வருஷத்தில் சிறுபோகத்துக்கு அவரவர் காணியை விதைப்பதில்லை. முதல் வாய்க்காலின் கீழுள்ள வயல்களை மட்டும் துண்டுகளாய்ப் பிரித்து, யாருடைய காணி என்று பாராமல், குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று சீட்டுக் குலுக்குவார்கள். தலைத் துண்டுக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைசித் துண்டுக்கு மிஞ்சினால் பாயும். கமவிதானைக்கு மட்டும் சீட்டு இல்லை, விரும்பிய துண்டைச் சொல்லி எடுக்கலாம். உங்கள் மச்சான் எப்போதும் தலைத் துண்டைத்தான் எடுத்தவர். மதகுக்குக் கிட்ட நின்றால்தான் காவல் பார்க்கலாம் என்பார். காவலும் நன்றாய் நடந்தது, நெல்லும் நன்றாய் விளைந்தது.

இந்த முறை ஏரம்பு கடைசித் துண்டை எடுத்தார். ஏன் என்று சொல்லவில்லை. சனம் ஆளையாள் பார்த்தது.

இவர் கூட்டத்துக்கு வரவில்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழும்பிப் போய்ச் சீட்டு எடுத்தேன். நடுத் துண்டு விழுந்தது. இவரிடம் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் வட்டக்கச்சியில் ஒருவருக்குத் தெரியாமல் போகுமா, என்ன?

என்றும் உங்கள்
இராசமலர்


வட்டக்கச்சி
6.5.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாய் இருக்கிறீர்களா? சித்திரை வருஷப்பிறப்புக்குக்கூட உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இருமல் கூடிவிட்டதோ என்று யோசனையாய் இருக்கிறது.

நடுத் துண்டை விதைத்துவிட்டேன். ஏரம்பு தன் மாட்டுச் சோடியைக் கொண்டுவந்து உழுதுதந்தார். நான் கேட்கவில்லை. "பிள்ளை, ஈரம் காயமுதல் உழவேணும். வீரகத்தித் தம்பி வந்தா வரட்டும். நெல்லுக்குக் கோவம் விளங்காது" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அந்த மனிதர் பேசுகிற சொல்லுக்கெல்லாம் வரி கட்டுகிறவர்போல.

நான் சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தால் இவர், "கோயிலுக்கோ போனனீ?" என்று கேட்கிறார். "ஓம்" என்கிறேன். அவர் தெரியாதவர்போல இருக்கிறார். நானும் அவருக்குத் தெரியாது என்று நம்புகிறவள்போல இருக்கிறேன். ஆனால் கரவெட்டிப் பேச்சு நிற்கவில்லை.

இவருடைய கேள்விக்குப் பதில் எங்கே? தோற்றவன் புகழ்ந்த கதை.

கவலையுடன்,
இராசமலர்


மாடி அறை, கடைவீதி
பதுளை
24.5.1962

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்குக் குறை நினைக்காதே. இருமல் விட்டது. இனி மேலேயுள்ள முகவரிக்கு எழுது. விடுதி பெரியது, கலியாணம் செய்யாத தனி ஆளுக்கு அவ்வளவு இடம் எதற்கு? இங்கிருந்து கல்லூரிக்கு நடந்து போவது உடம்புக்கு நல்லது.

மச்சானின் கேள்விக்காகப் புத்தகங்களைப் புரட்டினேன். தேடியது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. அதே வெல்லிங்டன், நண்பர்களோடு இருக்கும்போது நெப்போலியனைக் குறைவாகவும் பேசியிருக்கிறார். வென்று முடித்த பிறகும் அவருக்கு அந்தப் பகை முழுதாய் அடங்கவில்லை. இதை நான் வகுப்பில் சொல்லவில்லை.

பிள்ளைகளைக் கவனமாய்ப் படிக்கச் சொல்.

அண்ணா


வட்டக்கச்சி
12.6.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தை இனி நீங்கள் எழுதி நான் நம்பப்போவதில்லை.

முகவரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை வருஷம் பெரிதாய்த் தெரியாத விடுதி இப்போது பெரிதாகிவிட்டதா? அதிபர் விடுதிக்குப் போகவேண்டியவர் கடைவீதி மாடிக்குப் போயிருக்கிறீர்கள். என்ன நடந்தது? எனக்கு எழுதக்கூடாததா?

வெல்லிங்டன் குறைவாய்ப் பேசிய இடத்தில் இவர் சிரித்தார். "பாத்தியோ?" என்றார். வாசித்துக் காட்டியது என் பிழை. மறுநாளே அலுமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார். ஆவணிக்கு முதல் கரவெட்டியாம். அதற்கு முதல் பெட்டிசம் வேண்டுமாம். தயவுசெய்து அனுப்பவேண்டாம் அண்ணா. அது ஏரம்புவைக் கவிழ்க்கிறதோ இல்லையோ, அதற்குப் பிறகு இந்த ஊரில் நாங்கள் யார் முகத்தில் விழிப்பது?

கச்சான் காற்று குளத்தை உறிஞ்சிக் குடிக்கிறது. நெல்லு குடலைப் பருவத்துக்கு வரப்போகிறது. கதிர் தள்ளுகிற அந்த நேரத்தில்தான் தண்ணீர் வேண்டும்.

இராசமலர்


பதுளை
2.7.1962

தங்கைக்கு,

நலம்.

இத்துடன் பெட்டிசம் இருக்கிறது. நீ வேண்டாம் என்றாய். ஆனாலும் மச்சான் கேட்டபடி உறைப்பாகவே எழுதியிருக்கிறேன். தோற்றவன் வென்றவனைப் புகழ்ந்த கதை நான் தேடிய இடத்தில் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணா


வட்டக்கச்சி
25.7.1962

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லாமல் தொடங்குகிறேன். உங்கள் தபால் வந்த அன்று உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் இவர்மேல்கூட வந்ததில்லை. நான் எழுதியதை வாசித்துவிட்டுத்தானே அனுப்பினீர்கள்?

இவர் பெட்டிசத்தைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கே வாய்க்கால் கூட்டத்துக்குப் போனார். தெரிவுக்குப் பிறகு முதல் தடவை. நாலு பேரிடம் கையெழுத்து வாங்குவது எண்ணம். நானும் பின்னால் போனேன். மருதமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். ஏரம்புதான் முதலில் பேசினார்.

"தண்ணி எல்லாருக்கும் காணாது. ஒரு துண்டை விட்டாத்தான் மற்றதெல்லாம் கதிர் தள்ளும். கடைசித் துண்டை விடுவம்."

கூட்டத்தில் யாரோ, "அது உங்கடை துண்டெல்லோ?" என்றார்கள்.

"ஓம்."

"கமவிதானையின்ரை வயலையோ காய விடுறது?"

"அதுக்குத்தானே அதை எடுத்தனான்" என்றார் ஏரம்பு. சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துப் போய், தன் வயலுக்குப் பாய்கிற வாயைத் தானே மண் போட்டு அடைத்தார். பயிர் முழங்காலுக்கு மேல் பச்சையாய் நின்றது, அண்ணா. அவருடைய மனைவி அன்னபாக்கியம் அக்கா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. நான் போய் அவவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

இவர் ஒருவரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வந்து, பெட்டிசத்தை நாலாய் மடித்து, ஆடுகிற அலுமாரியின் காலுக்குக் கீழே செருகினார். "உன்ரை அண்ணை தடிச்ச கடுதாசியிலை எழுதினது நல்லதாப் போச்சு" என்றார்.

அடுத்த நாள் விடிய மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடுத் துண்டுப் பக்கம் புறப்பட்டார். "கோயிலுக்கோ போறியள்?" என்று கேட்டேன். "ஓம்" என்றார்.

போன கிழமை எங்கள் மாமியின் மகள் கமலாசனி மச்சாள் பதுளையிலிருந்து வந்து போனா. நிறையக் கதைத்தா. உங்கள் கல்லூரிக்குத் தையிலேயே புதிய அதிபர் வந்துவிட்டாராம். மட்டக்களப்புக்காரராம், உங்களைவிட மிகவும் இளையவராம். நான் இவருக்குச் சொல்லவில்லை. உங்களிடமும் கேட்கப்போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கோபம் போய்விட்ட
இராசமலர்


வட்டக்கச்சி
8.9.1962

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வீரகத்தி எழுதுவது. நலம், நலமறிய ஆவல். உங்கள் தங்கை, இதை நீங்களே எழுதுங்கோ என்று பேனாவைக் கையில் தந்துவிட்டாள். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பவேண்டாம்.

அறுவடை முடிந்தது. நடுத் துண்டு பிழைத்தது. மற்றத் துண்டுகளும் பிழைத்தன. ஏரம்பு அண்ணையின் துண்டு பொச்சடித்துப் பதராகி மாட்டுக்குத்தான் ஆனது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது நெல்லைக் குத்திப் புதிர்ச் சோறு ஆக்கி, சாமிக்குப் படைத்து, வீட்டாரும் இனசனமும் இருந்து சாப்பிட்ட பிறகுதான் அந்த நெல்லில் கை வைப்பது. புதிருக்கு வெளியாட்களைக் கூப்பிடுவதில்லை. நான் ஏரம்பு அண்ணை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவர் பாக்குச் சீவிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல், "நான் வெளியாள் எல்லோ, தம்பி?" என்றார். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். உங்கள் தங்கை, தான் சொல்லவில்லை என்கிறாள்.

"அண்ணை, உங்கடை ஊருக்கு வந்த வெளியாக்கள் நாங்கள்தான். நீங்கள் வராட்டி இண்டைக்கு எங்கடை வீட்டிலை உலை ஏறாது" என்றேன். அவரும் அக்காவும் வந்தார்கள்.

சாப்பிட்டு முடிகிற நேரம் சொன்னேன்: "அண்ணை, உங்களிட்டைத் தோத்ததிலை எனக்கு வெக்கமில்லை." அவர் கை கழுவ எழும்பியபோதுதான், "தலைத் துண்டிலை நிண்டு காவல் பாக்கிறதும் லேசில்லை. தம்பி அஞ்சு வருஷம் பாத்தது எனக்குத் தெரியும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

மச்சான், தோற்றவன் புகழ்ந்த கதை ஒன்று கேட்டிருந்தேன். நீங்கள் இல்லை என்று எழுதினீர்கள். ஆனபடியால் நானே ஒன்று அனுப்பியிருக்கிறேன். வெல்லிங்டன் நாற்பதாயிரம் பேருக்குச் சமம் என்றார். எங்கள் வாய்க்காலில் அவ்வளவு சனம் இல்லை, ஏரம்பு அண்ணை ஒருவர் போதும்.

லொறியில் மலைநாட்டுக்குப் போகும் சரீப் நானாவிடம் ஒரு பை புது அரிசி கொடுத்திருக்கிறேன். தனியே இருந்து சாப்பிடவேண்டாம். புதிர் தனியே சாப்பிடுவதில்லை. கடைசி இரண்டு வரியும் உங்கள் தங்கை சொல்ல நான் எழுதியது. ஏன் என்று கேட்டேன், சொல்லமாட்டாளாம்.

வணக்கத்துடன்,
வீ. வீரகத்தி


மாடி அறை, கடைவீதி
பதுளை
30.9.1962

அன்புத் தங்கைக்கும் மச்சானுக்கும்,

அரிசி வந்து சேர்ந்தது. சரீப் நானா மாடிவரை சுமந்து வந்து தந்துவிட்டுப் போனார். நான் சுகம், இந்த முறை நம்பலாம். மச்சான், உங்கள் கடிதத்தைச் சிவப்பு மை தொடவில்லை.

கமலாசனி சொன்னது சரிதான். அதிபர் பதவி தையிலேயே எனக்கு இல்லை என்றாகிவிட்டது. இராசமலரின் முதல் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரியும். வெல்லிங்டன் கதையை எழுதியது மச்சானுக்கு மட்டுமல்ல. விடுதியை விட்டுப் போகச் சொன்னவர் ஒருவருமில்லை. புதியவர் இருக்கச் சொல்லிக் கேட்டார். நான்தான் வெளியேறினேன், மச்சான் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்ததுபோல. அதனால்தான் தோற்றவனைப் பற்றிய கேள்வி வந்தபோது பேனா ஓடவில்லை. பெட்டிசம் எழுதும்போது ஏரம்பு என்ற பெயர் வந்த இடமெல்லாம் எனக்கு வேறொரு முகம்தான் தெரிந்தது. அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் முன்பு எழுதியதில்லை. அது அலுமாரியைத் தாங்கி நிற்பதில் சந்தோஷம்.

எங்கள் கல்லூரியில் எல்லோரும் தட்டிக்கழிக்கிற ஒரு வகுப்பு உண்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம், சத்தம் கூரையைத் தூக்கும். புதியவர் வந்த கிழமையே அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். நான் கண்டேன். கண்டதாய்க் காட்டிக்கொள்ளவில்லை. ஏரம்பு வாய்க்காலை அடைத்த கதையை வாசித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

புதிர் தனியே சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நேற்று அவரைக் கூப்பிட்டேன். வந்தார். நான் ஆக்கிய சோறு குழைந்துபோயிற்று. மச்சான் சொன்ன அதே வசனத்தைச் சொல்வதென்று பாடமாக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ, சேர்?" என்பதுதான் வந்தது. நான் அவரைச் சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் சோற்றுக் கோப்பையை நீட்டினார். "போடுங்க மாஸ்டர். நீங்க கூப்பிடுவீங்க எண்டு தையிலிருந்து பாத்துட்டு இருக்கன்" என்றார்.

நாளை விடுதிக்குத் திரும்புகிறேன். பழைய முகவரிக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கதிர்காமநாதன்


வட்டக்கச்சி
3.3.1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம், இவருடைய தொண்டையைத் தவிர. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

இந்த வருஷமும் குளத்தில் தண்ணீர் குறைவு, சீட்டுத்தான். ஏரம்பு அண்ணையே மறுபடி கமவிதானை. இவர் இரண்டு கையையும் உயர்த்தப் பார்த்தார், நான்தான் ஒன்றைப் பிடித்து இறக்கினேன். தகரப் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. மாமரத்தில் பிஞ்சு பிடித்திருக்கிறது.

கரைச்சல் என்னவென்றால், கடைசித் துண்டு தனக்கு வேண்டும் என்று இவர் நிற்கிறார். "போன முறை நீங்கள் காய்ஞ்சனீங்கள், இந்த முறை நான்." கமவிதானையின் துண்டை மற்றவன் கேட்க முறையில்லை என்று ஏரம்பு அண்ணை நிற்கிறார். வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் ஒரே சண்டை. அந்தப் பேசாத மனிதரும் இப்போது சத்தம் போடுகிறார். சனம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறது.

இவர் குசினி வாசலில் நின்று சொல்கிறார், எழுதட்டாம்: "மச்சான், உடனை கந்தோருக்கு ஒரு பெட்டிசம் எழுதி அனுப்புங்கோ. உறைப்பாய் எழுதுங்கோ."

இந்த முறை மெல்லிய கடுதாசியில் எழுதுங்கள், அண்ணா. அலுமாரி இப்போது ஆடுவதில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
இராசமலர்